கடலை எந்தப் பக்கம் வைக்க

"முட்டை ஒன்னா ரெண்டா?" டீச்சர் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஒன்னு போதும்."

"நேத்தும் ஒன்னுதான். உடம்புக்கு ஏதாச்சுமா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல பாப்பா. நல்லாத்தான் இருக்கேன்."

பாப்பாவுக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினால், தானே எழுதிய கரும்பலகைகூட அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் ஆறாம் வகுப்பு மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் மட்டும் பாப்பா. அப்படிக் கூப்பிட மிச்சம் இருந்தது அண்ணன் ஒருவன்தான்.

அவன் போர்டு எழுதுகிறவன். கடை, லாரியின் பின்பக்கம், பள்ளிச் சுவர், கிணற்று மூடி, எதைக் கொடுத்தாலும் எழுதுவான். தெருவில் அவனுக்குப் பிரஷ் என்று பெயர். மத்தியானத்தில் யாராவது வந்து "பிரஷ் இருக்காரா?" என்று கேட்டால், "காயவெச்சிருக்கு, சாயங்காலம் வாங்க" என்று டீச்சர் உள்ளேயிருந்தே பதில் சொல்வாள். அண்ணன் தூங்குகிறான் என்று அர்த்தம்.

சின்ன வீடு. இரண்டு அறை, ஓர் அடுப்படி. அலமாரியின் மேல்தட்டில் சாமான் டப்பாக்கள், கீழ்த்தட்டில் பெயிண்ட் டப்பாக்கள். எது எதுவென்று குழம்பிவிடக் கூடாது என்று மேல்தட்டு டப்பாக்களுக்கெல்லாம் அவன் பெயர் எழுதி வைத்திருந்தான். சீனி என்று இரண்டே எழுத்து. அதற்கும் மஞ்சள் பூசி, ஓரம் கட்டி, நிழல் கொடுத்து.

அவித்த முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு டீச்சர் எதிரில் உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. 

"ஒரு விஷயம் சொல்லணும் பாப்பா."

"தையல்காரம்மா விஷயம்தானே?"

முட்டை அவன் கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒரு கடைக்கு ஒரு போர்டு எழுதுவாங்க. நீ அஞ்சு மணி நேரம் பஸ்ல போய்ப் போய் நாலு தடவ எழுதியிருக்கே."

"எழுத்து சரியா உக்காரல."

"எழுத்துதான் உக்காரலையா?"

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டான். அந்த வயதில் ஓர் ஆம்பளை வெட்கப்படுவதைப் பார்க்க டீச்சருக்கு என்னவோ போல் இருந்தது. தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நல்ல மாதிரி பாப்பா. வீட்டுக்காரர் போய் வருஷம் நிறைய ஆச்சு. பிள்ளைகுட்டி இல்ல. அம்மா மட்டும் இருக்காங்க, நடக்க முடியாது. கடையும் வீடும் அங்கதான். அதனால..."

"அதனால நீதான் அங்க போகணும்."

"நீயும் வந்துடு."

"எனக்கு ஸ்கூல் இருக்கு."

"அங்கயும் ஸ்கூல் இருக்கு."

"அந்த ஸ்கூல்ல ஏற்கெனவே ஒரு டீச்சர் இருப்பா இல்ல? அவள எங்க அனுப்புவே?"

அவன் முட்டையைத் தட்டில் உருட்டினான். பிறகு, "நீ வேண்டாம்னா நான் போகல" என்றான். "நிஜமாத்தான் சொல்றேன். இருன்னு ஒரு வார்த்த சொல்லு, இருந்துடறேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"சாப்பிடு. ஆறுது."

அந்தப் பேச்சை அவன் நிஜமாகவே எடுக்க மாட்டான் என்பதுதான் அவளுக்குப் பயம். முன்பு ஒருமுறை அப்படித்தான் ஆனது. அப்பா அம்மா போன பிறகு, அவள் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது, அவனுக்கு ஒரு பெண் பார்த்தார்கள். தங்கச்சி படிப்பு முடியட்டும் என்றான். பெண் வீட்டார் காத்திருக்கவில்லை. அதைப் பற்றி இன்றுவரை அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. வந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரு என்று சொன்னால் இருந்துவிடுவான். போ என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவள் இரண்டையும் சொல்லாமல் நாளைத் தள்ளினாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, அங்கே தையல்காரம்மா பதிவு அலுவலகத்தில் ஒரு வியாழக்கிழமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை வருவதற்கு முன்னால்தான் அண்ணன் பள்ளி வேலையைக் கையில் எடுத்தான்.

"உன் ஸ்கூல் தாழ்வாரத்துல ஒரு நதி போடணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருப்பியே. போறதுக்குள்ள போட்டுக் குடுத்துடறேன். பெயிண்ட் என்னோடது."

ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் வரைபடம் படிப்பது ஒரு பாடம், பழைய நாகரிகம் இன்னொரு பாடம். தனித்தனியாக நடத்தினால் முதலாவதற்குப் பிள்ளைகள் தூங்கும், இரண்டாவதற்குக் கதை கேட்டுவிட்டு மறக்கும். டீச்சர் இரண்டையும் கலந்துவிடுவாள். வரைபடம் கற்றுக்கொள்ளப் பழைய எகிப்தை விட்டால் வேறு நாடு கிடையாது என்பது அவள் கட்சி. "நடுவுல ஒரு ஆறு. ரெண்டு பக்கமும் பாலைவனம். வடக்க கடல். இத வரையத் தெரியாதவன் உண்டா?" என்பாள். வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து வருஷா வருஷம் அழித்தாள். பிள்ளைகள் அதன் மேல் நடந்து பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. பள்ளித் தாழ்வாரமும் அந்த நாட்டைப் போலவே இருந்தது: அகலம் இல்லாமல் நீளமாக. ஒரு பக்கம் வகுப்பறைகள், மறு பக்கம் இடுப்புயரச் சுவரும் அதற்கு மேல் கம்பியும். ஒரு கோடியில் தலைமை ஆசிரியை அறை, மறு கோடியில் தண்ணீர்த் தொட்டி.

விடுமுறையின் முதல் நாள் காலையில் அண்ணன் தரையைச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தான். காய்ந்ததும் நீலப்பொடி தோய்த்த நூலை இரண்டு கோடியிலும் கட்டி இழுத்து நடுவில் சுண்டினான். தரையில் நேர்கோடாக நீலம் விழுந்தது. குறுக்கேயும் சுண்டிச் சுண்டிக் கட்டம் போட்டான். புத்தகத்தைத் திறந்து தரையில் வைத்து, மேல் ஒரு கல்லை வைத்தான்.

"கடல எந்தப் பக்கம் வைக்க?"

டீச்சர் கம்பியோரம் நின்றிருந்தாள். மழை ஓய்ந்த காலை. கம்பி வழியாக வெயில் விழுந்து அவள் நிழல் வகுப்பறைக் கதவில் ஏறியிருந்தது.

"புஸ்தகத்துல கடல் மேல இருக்கு" என்றான் அவன். "மேலன்னா பெரிய டீச்சர் ரூம் பக்கம்தானே?"

போர்டு எழுதுகிறவனுக்கு எதற்கும் ஒரு தலை உண்டு, ஒரு கால் உண்டு. முதலாளி உட்காரும் பக்கம் தலை. தரைக்குத் தலையும் இல்லை காலும் இல்லை, அதற்கு இருப்பது திசை மட்டும்தான் என்று யார் அவனுக்குச் சொல்லியிருப்பார்கள்? சொல்ல வேண்டியவள் கம்பியோரம் நின்றிருந்தாள். வெயில் வருவது கிழக்கு. கிழக்கை வலது கையில் வைத்து நின்றால் முகத்துக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி. அதுதான் வடக்கு. தலைமை ஆசிரியை அறை தெற்கே இருந்தது. அங்கே கடலை வைத்தால் நாடே தலைகீழ். இதைப் பார்க்க டீச்சருக்குத் திசைகாட்டி வேண்டாம், கண்ணாடிகூட வேண்டாம்.

கல்லை எடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பி வைத்தால் போதும். அவ்வளவுதான் வேலை.

தப்பாகப் போட்டால் திருப்பிப் போட வேண்டியிருக்கும். சுரண்ட வேண்டும், மறுபடி பூச வேண்டும், மழைக்காலத்தில் காய வேண்டும். வியாழக்கிழமை தள்ளிப் போகும். தள்ளிப் போனது இன்னொரு முறையும் தள்ளிப் போகலாம்.

"என்ன பாப்பா? அந்தப் பக்கம்தானே?"

"ம்" என்றாள் டீச்சர்.

விடுமுறை முடியும்வரை அவன் அங்கேயே கிடந்தான். இரண்டு முழங்காலிலும் சாக்கு கட்டிக்கொண்டு, கை நடுங்காமல் இருக்க ஒரு குச்சியை ஊன்றி அதன் மேல் மணிக்கட்டைத் தாங்கி, கரையோரத்தை ஒரே இழுப்பில் இழுத்தான். பாலைவனத்துக்கு ரெட் ஆக்சைடு. கரை மண்ணுக்குக் கறுப்பு. அந்த நாட்டு ஜனங்களே அப்படித்தான் சொன்னார்களாம், சிவப்பு நிலம், கறுப்பு நிலம் என்று. டீச்சர் சொன்னதும் அவனுக்கு அதில் ஒரு பெருமை. "பாரு, அந்தக் காலத்துலயே கலர் சொல்லித்தான் பேசியிருக்கான். நம்ம ஆளு." ஆறு கடலில் விழும் இடத்தில் கழிமுகத்தை விசிறி மாதிரி விரித்தான். படத்தின் தெற்குக் கோடியில் படகு போக முடியாத பாறைகள், நடுவில் நகரங்கள், கிழக்கே செங்கடல். எல்லாம் புத்தகத்தில் இருந்தபடி, நூல் பிசகாமல்.

டீச்சர் தினமும் டப்பாவில் சோறும் பிளாஸ்கில் டீயும் கொண்டுபோனாள். இருவரும் பாலைவனத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு நாள்கூட அவள் சொல்லவில்லை. சொல்ல வாயெடுப்பாள். "இந்த நீலம் பிடிச்சிருக்கா?" என்று அவன் கேட்பான். பிடித்திருந்தது.

ஒரு நாள் தையல்காரம்மா வந்து நின்றாள். நல்ல உயரம், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து பஸ் ஏறிவிட்டாளாம்.

"டீச்சரம்மா, கும்பிடறேன். நானா வரக் கூடாதுன்னுதான் இருந்தேன். இவரு போன்ல ஆறு ஆறுன்னே பேசறாரு. என்னைவிட அழகா இருக்கும் போலிருக்கேன்னு பாக்க வந்தேன்."

"பாருங்க" என்றாள் டீச்சர்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையின் ஓரமாகவே நடந்து கோடிவரை போய்த் திரும்பினாள். "அழகாத்தான் இருக்கு. என் போர்டுல ஒரு கத்திரிக்கோல் வரைஞ்சாரு பாருங்க, வர்றவங்க எல்லாம் சலூனான்னு கேக்கறாங்க."

"அது உன் கடைக்கு வர்றவங்க கண்ணு" என்றான் அண்ணன், தரையிலிருந்து.

"ஆமா, கண்ணு. முடி வெட்ட ஒரு ஆளு வந்து உக்காந்தே உக்காந்துட்டாரு டீச்சரம்மா."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாது என்று இருந்தாள். 

அண்ணன் பிரஷ் கழுவப் போனபோது தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "உங்களைத் தனியா விட்டுட்டு வர்றாருன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு மனசில்லன்னா சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். தனியா இருக்கறது எனக்குப் பழக்கம்."

"பழகிடுமா?" என்று டீச்சர் கேட்டாள்.

அவள் யோசித்தாள். "இல்ல" என்றாள். "சும்மா சொன்னேன்."

பள்ளி திறந்தது. பிள்ளைகள் தரையைப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் போகவே மாட்டேன் என்றார்கள். டீச்சர் தன் பாடவேளையை மத்தியானத்துக்கு மாற்றி வாங்கியிருந்தாள். மத்தியானத்தில் வெயில் கட்டடத்தின் பின்பக்கம் போய்விடும். தாழ்வாரம் நிழலாக இருக்கும். "பசங்களுக்கு வெயில் படாது" என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னாள். அது பொய்யில்லை.

"செருப்பக் கழட்டு. டேய் தூங்குமூஞ்சி, நீ எங்க நிக்கறே?"

"தெரியல டீச்சர்."

"கீழ பாரு. என்ன கலர்?"

"சிவப்பு."

"ஓரத்துல குறியீட்டுப் பெட்டி இருக்கு. சிவப்புன்னா என்ன போட்டிருக்கு?"

"பாலைவனம்."

"அங்க நின்னா தண்ணி கிடைக்குமா?"

"கிடைக்காது டீச்சர்."

"அப்போ எங்க வீடு கட்டுவே?"

அவன் கறுப்புக்குத் தாவினான். வாயாடி என்று பேர் வாங்கிய பெண், "வெள்ளம் வந்தா வீட்டோட போயிடுவே, பரவாயில்லையா?" என்றாள். அவன் ஒரு காலைச் சிவப்பிலும் ஒரு காலைக் கறுப்பிலும் வைத்தான். "இப்போ?" வகுப்பே சிரித்தது. "அங்கதான் அவங்களும் கட்டினாங்க, மேட்டுல" என்றாள் டீச்சர்.

ஒரு கட்டம் நூறு கிலோமீட்டர். கட்டத்தை எண்ணித் தூரம் சொன்னார்கள். கட்டத்துக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்து ஊர்களைத் தேடினார்கள். கடலிலிருந்து உள்ளே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், அதனால் பாய் விரித்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். திரும்பும்போது ஆறே தள்ளிக்கொண்டு வரும், கையை இறக்கிவிட வேண்டும். பிள்ளைகள் பாயை ஏற்றியும் இறக்கியும் போய்வந்தார்கள். குறியீடு ஆனது, அளவு ஆனது, கட்டம் ஆனது. திசை மட்டும் ஆகவில்லை.

"என்ன, திசைகாட்டிப் பெட்டிய இந்த வருஷம் வெளியவே எடுக்கல?" என்று கணக்கு டீச்சர் கேட்டாள். "எப்பவும் அதானே முதல் பாடம்?"

"எடுக்கணும்" என்றாள் டீச்சர்.

அந்த வாரம் முழுக்க மழை. வியாழக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அண்ணன் வீட்டில் ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். எந்த டப்பாவை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று கீழ்த்தட்டு முன்னால் குந்தியிருந்தான். இனிச் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று அவளுக்கே விளங்கவில்லை. வாயைத் திறந்தால் அவன் நிற்பான். அதற்காகத்தானே இத்தனை நாள்? இருந்தும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் கணக்கு டீச்சருக்குப் பல் வலி. தன் காலைப் பாடவேளையை மாற்றிக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினாள். டீச்சர் யோசிக்காமல் சரி என்றுவிட்டாள். பிள்ளைகளைத் தரையில் இறக்கிய பிறகுதான் பார்த்தாள், மேகம் விலகியிருந்தது. கம்பி வழியாக வெயில் வரிவரியாக விழுந்தது.

வாயாடி ஆற்றின் நடுவில் நின்றுவிட்டாள்.

"டீச்சர், சூரியன் மேற்கேருந்து வருது!"

"காலங்காத்தால மேற்கா? முகம் கழுவிட்டு வா" என்றான் தூங்குமூஞ்சி.

"நீ கழுவு. செங்கடல் எந்தப் பக்கம்? கிழக்கு. அது கிளாஸ் ரூம் ஓரமா இருக்கு. வெயில் இந்தப் பக்கம் கம்பியிலேருந்து வருது. இது மேற்குப் பாலைவனம். அப்போ சூரியன் மேற்குலதானே உதிக்குது? டீச்சர், அந்தக் காலத்துல அப்படியா?"

வகுப்பு டீச்சரைப் பார்த்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் காலத்துலயும் கிழக்குலதான்" என்றாள். "நீ சொல்றது சரி. படம்தான் தப்பு."

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை வெளியே வந்தாள். விஷயம் விளங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "இவ்வளவு நாள் யாருமே பாக்கலையா? நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே! உங்க அண்ணன வரச் சொல்லுங்க. அடுத்த மாசம் மேலிடத்துலேருந்து பாக்க வர்றாங்க. அதுக்குள்ள மாத்திப் போடட்டும்."

சாயங்காலம் அவள் சொன்னபோது அண்ணன் பின்கதவுப் படியில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் பிரஷ் அலசிக்கொண்டிருந்தான்.

"தலைகீழா? எப்படி? புஸ்தகத்துல இருக்கறபடிதானே போட்டேன்?"

"புஸ்தகத்துக்குச் சரி. தரைக்குத் தப்பு."

"அடக் கடவுளே." பிரஷைக் கீழே வைத்தான். "எல்லாத்தையும் சுரண்டணும். ஈரத்துல காயவும் காயாது. வியாழக்கிழமைய மாத்தச் சொல்லிப் போன் பண்ணணும். அவ என்ன சொல்வாளோ. பரவாயில்ல, உன் வேலைய அரைகுறையா விட்டுட்டுப் போக முடியுமா? நான் ஒரு முட்டாள். போர்டு எழுதறவன் எனக்கு வடக்கு எது, தெற்கு எது... நீ கூட..."

நிறுத்தினான். படி விளிம்பில் கிடந்த பிரஷ் நுனியிலிருந்து நீலம் சொட்டியது.

"நீ அங்கதானே நின்னே" என்றான். "நான் உன்னக் கேட்டேன்."

"கேட்டே."

"நீ பாக்காம இருந்திருக்க மாட்டே பாப்பா."

"பாத்தேன்."

"எப்போ?"

"நீ கேட்டப்பவே."

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டினார்கள். அவன் பிரஷை எடுத்துத் துணியில் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"ரெண்டு முழங்காலும் தோல் உரிஞ்சு போச்சு எனக்கு."

"தெரியும். நான்தானே மருந்து போட்டேன்."

"இருன்னு ஒரு வார்த்த சொல்லுன்னு உன்னக் கேட்டேனா இல்லையா?"

"கேட்டே. சொன்னா இருந்திருப்பே."

"இருந்திருப்பேன்தான்!"

"அதான் சொல்லல. போன்னும் சொல்ல வரல. நடுவுல நீ கடல எந்தப் பக்கம் வைக்கன்னு கேட்டே. ம்ன்னு வந்துடுச்சு. அப்புறம் தினமும் சோறு கொண்டுவந்தேன் இல்ல, தினமும் சொல்லணும்னுதான் வருவேன்."

அவன் கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்தான், கையிலிருந்த நீலம் கன்னத்தில் ஒட்டியது.

"ஒரு ஆத்தையே திருப்பிவிட்டுட்டியே, பாவி" என்றான்.

"திருப்பிவிட்டது நீ. நான் பாத்துட்டு நின்னேன்."

"சரி. இப்போ என்ன பண்ணட்டும்? போன் பண்ணட்டுமா?"

மறுபடியும் அவளிடமே வந்து நின்றது. அவள் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண்ணெண்ணெய் வாசனை. இத்தனை வருஷம் இந்த வாசனையில்தான் விடைத்தாள் திருத்தினாள்.

"போ" என்றாள்.

"என்னது?"

"போன்னு சொன்னேன். வியாழக்கிழமை போ."

"தரை?"

"தரைய நான் பாத்துக்கறேன். என் பாடம் அது."

"பாப்பா, யோசிச்சுத்தான்..."

"திரும்பத் திரும்பக் கேக்காதே. ஒரு தடவதான் வரும்."

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் போய் நின்றாள். "மாத்த வேண்டாம்."

"தப்பா இருக்கே டீச்சர்?"

"படம் தப்பில்ல, வெச்ச விதம்தான் தப்பு. தப்பு என்னோடதுதான், எங்க அண்ணன் கேட்டுட்டுத்தான் போட்டாரு. ஒரு வாரம் குடுங்க. அப்புறமும் உங்களுக்குப் பிடிக்கலன்னா நானே உக்காந்து சுரண்டறேன்."

அன்றைக்குப் பிள்ளைகளிடம் கேட்டாள். "தரையத் திருப்ப முடியாது. என்ன பண்ணலாம்?"

"எல்லாரும் தலைகீழா நிக்கலாம்" என்றான் தூங்குமூஞ்சி.

"நீ நில்லு, நாங்க பாக்கறோம்."

வாயாடி கொஞ்சநேரம் தரையையே பார்த்தாள். "தரையத்தானே டீச்சர் திருப்ப முடியாது? பேப்பரத் திருப்பலாம்ல?"

"அப்படின்னா?"

"இத அப்படியே பேப்பர்ல வரைஞ்சுக்கலாம். வரைஞ்சுட்டுக் கையில வெச்சுத் திருப்பினா ஆச்சு."

மூன்று நாள் வரைந்தார்கள். தரையின் ஒரு கட்டத்துக்குக் காகிதத்தில் ஒரு சின்னக் கட்டம். வயிற்றில் படுத்துக்கொண்டு கட்டம் கட்டமாக ஆற்றின் வளைவுகளை இறக்கினார்கள். சிலருடைய ஆறு கடலுக்குப் போகாமல் பாலைவனத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்கள். புதன்கிழமை காலையில் டீச்சர் அவர்களை மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். பெட்டியைத் திறந்து திசைகாட்டிகளைக் கொடுக்கவில்லை. "வெயில் எங்கேருந்து வருது பாரு. உன் செங்கடல அந்தப் பக்கம் வை" என்றாள். எல்லாரும் காகிதத்தைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பினார்கள். ஒருவன் காகிதத்தோடு தானும் சுற்றினான். ஒவ்வொரு கடலாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்து சேர்ந்தது.

வேலிக்கு வெளியே அண்ணன் நின்றிருந்தான். பள்ளி கேட்டில் பெயர் மங்கியிருந்த இடத்துக்குப் பெயிண்ட் தொட்டுவிட்டுப் போக வந்தவன். கையில் பிரஷோடு பார்த்துக்கொண்டே நின்றான். அவள் கவனித்தாள். கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை விடியுமுன் இருவரும் பஸ் ஏறினார்கள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியில் வந்த போர்டுகளை எல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்தான். பதிவு அலுவலகத்துக்கு வெளியே மழை. மின்விசிறிக்குக் கீழே தையல்காரம்மா பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். அவளே தைத்த ரவிக்கை, கச்சிதமாக இருந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு டீச்சரைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க என்ன உறவு?" என்று குமாஸ்தா கேட்டான்.

"தங்கச்சி."

"யாருக்கு?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தையல்காரம்மா, "ரெண்டு பேருக்கும்னு போட்டுக்குங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நாளைக்கு ஸ்கூல் என்றாள். பஸ் நிலையத்தில் மூவரும் குடையின் கீழ் நின்று டீ குடித்தார்கள். பஸ் கிளம்பும்போது அண்ணன் அவள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டி ஏதோ சொன்னான். கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டினாள்.

பஸ் கிழக்கே போனது. வெளிச்சம் பின்னால் இருந்தது, முன்னால் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது போன் அடித்தது.

"வந்து சேந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"சாப்பிட்டியா?"

"ரொட்டி இருக்கு. நீ?"

"ஆச்சு."

ஒரே வீட்டில் இருந்தவர்கள் போனில் பேசிப் பழகவில்லை. வைத்துவிடப் போகிறான் என்று தெரிந்தது.

"அண்ணா, அந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"தெருவப் பாத்திருக்கு."

"தெரு எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"அது எனக்கு எங்க தெரியும்?"

"காலையில வெயில் எந்த ஜன்னல்ல வருதுன்னு பாத்துச் சொல்லு."

"எதுக்கு?"

"எனக்குத் தெரியணும்."

மறுநாள் அவள் எழுந்து அடுப்பு மூட்டுவதற்குள் போன் அடித்தது.

"பாப்பா, எழுந்துட்டியா? நான் வாசல்லயே உக்காந்திருக்கேன். ஒன்னும் வரல."

"அண்ணி எழுந்துட்டாங்களா?"

"அடுப்படியில இருக்கா. பைத்தியமா நீன்னு கேட்டுட்டு டீ போடறா. அங்க வந்துடுச்சா?"

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தாள். பின்வீட்டு ஓட்டுக்கு மேல் சிவந்திருந்தது. கொஞ்சநேரத்தில் முதல் வெளிச்சம் வந்து அவள் கால்மாட்டில் விழுந்தது.

"வந்துடுச்சு" என்றாள்.

"இங்க இன்னும் இருட்டாத்தான் இருக்கு. மேகமா?"

"மேகம் இல்ல. நீ மேற்கே போயிட்டே இல்ல? இங்க வந்துட்டுத்தான் அங்க வரும்."

"ரொம்ப நேரமாகுமா?"

"கொஞ்சநேரம்தான்."

"அதுவரைக்கும் வெச்சுடாதே."

"வைக்கல" என்றாள் டீச்சர்.